ஆர்ட்டிலரிக்குத் தேர்வாகிவிட்டீர்களா? ரயில் ஏறுவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஊரில் யாராவது அக்னிவீர் தேர்வில் பாஸாகிக் கடிதத்தோடு வந்தால், "எந்த சென்டர் போட்டிருக்கு?" என்றுதான் முதலில் கேட்பேன். நாசிக் ரோடு என்றோ ஹைதராபாத் கோல்கொண்டா என்றோ பதில் வந்தால், பையன் பெரும்பாலும் நம்ம ஆள், ஆர்ட்டிலரி, அதாவது பீரங்கிப் படை. அடுத்த நிமிடம் அவன் என்னைக் கேட்பான்: "அண்ணே, குண்டு ரொம்ப வெயிட்டா இருக்குமா?"

இருக்கும். ஆனால் வெயிட்டுக்குப் பயந்து யாரும் அங்கே திணறியதில்லை, உடம்பு பழகிவிடும். புதுப் பையனைத் திணற வைப்பது காதுதான். சொன்னதைச் சரியாகக் கேட்க வேண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கை அசைய வேண்டும். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: வீட்டில் இருக்கும்போதே

இந்தியில் ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணப் பழகுங்கள். சிரிக்காதீர்கள், இதுதான் முதல் வேலை. ஆன்லைன் தேர்வைத் தமிழில் எழுதியிருக்கலாம், ஆனால் பயிற்சி மைதானத்தில் இந்திதான். தமிழில் இருபது, முப்பது தெரிந்தால் நடுவில் உள்ளதை நாமே கட்டிக்கொள்ளலாம். இந்தியில் அது நடக்காது, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். எனக்குக் கொடுத்த நம்பர் 79. 'உன்யாசி' என்று கூப்பிட்டார்கள். அது நான்தான் என்று தெரியாமல் மரம் மாதிரி நின்றேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது உஸ்தாதே, அதாவது பயிற்சியாளரே, பக்கத்தில் வந்துவிட்டார். அன்றைக்கு நான் போட்ட குட்டிக்கரணங்களின் எண்ணிக்கையை உன்யாசியைத் தாண்டியும் இந்தியில் எண்ணினேன். அதற்குப் பிறகு அந்த எண் மறக்கவே இல்லை.

ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். ஆள்சேர்ப்பு ரேலியில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடியவன்கூட, ரிசல்ட் வந்த பிறகு இரண்டு மாதம் பிரியாணி சாப்பிட்டுத் தொப்பையோடு ரயில் ஏறுகிறான். அங்கே காத்திருப்பது முதுகில் பிட்டு என்கிற சுமைப் பை, கையில் ரைஃபிள், காலில் பூட்ஸோடு 5 கிலோமீட்டர். 'எக்ஸலென்ட்' தரம் வேண்டுமென்றால் 25 நிமிடத்துக்குள் வர வேண்டும்.

கார் ஓட்டும் லைசென்ஸ் இருந்தால் எடுத்துப் போங்கள். டிரைவர் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது லைசென்ஸ் உள்ளவனுக்கு முன்னுரிமை உண்டு. இல்லாதவர்கள் வயது 18 ஆகியிருந்தால் இப்போதே எடுத்துவிடலாம்.

படி 2: முதல் வாரம்

தலைமுடி போகும். கறுப்பு டிரங்கு பெட்டி, யூனிஃபார்ம், பூட்ஸ், கொசுவலை, தட்டு, மக் எல்லாம் வரும். போன் கையைவிட்டுப் போய், அவர்கள் சொல்லும் நேரத்துக்குத்தான் திரும்பி வரும். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லையென்றால் அம்மா ரெக்ரூட்டிங் ஆபீஸுக்கு போன் போடுவார்.

சாப்பாட்டுக்கூடத்தை லங்கர் என்பார்கள். ரொட்டியும் தாலும்தான் பிரதானம், சோறும் கிடைக்கும். இட்லியை நினைத்து ஏங்குவதெல்லாம் பத்து நாள்தான். அதற்குப் பிறகு பசி ருசி அறியாது.

பூட்ஸ் கடித்துக் கொப்புளம் வந்தால் மறைக்காதீர்கள். 'சிக் ரிப்போர்ட்' போட்டு எம்.ஐ. ரூமுக்கு, அதாவது மருத்துவ அறைக்கு, போங்கள். மறைத்து வைத்துப் புண்ணாக்கிக்கொண்டு, இரண்டு வாரப் பயிற்சியைக் கோட்டைவிட்டுக் கூட இருந்தவர்களைவிடப் பின்தங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 3: முதல் 10 வாரம்

அக்னிவீருக்கு மொத்தப் பயிற்சி 31 வாரம். நான் சேர்ந்த காலத்தில் இதைவிட நீளம். இந்த 31-இல் முதல் 10 வாரம் எந்தப் படைக்குப் போகிறவனுக்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சி: விடிகாலை பி.டி., டிரில், ரைஃபிள், மேப் படிப்பது, சாயங்காலம் விளையாட்டு, ராத்திரி கிந்தி, அதாவது ஆள் எண்ணிக்கை.

டிரில் கட்டளைகளை இப்போதே காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஸாவ்தான் என்றால் விறைப்பாக நிற்பது. விஷ்ராம் என்றால் காலை அகட்டி இளைப்பாறுவது. தாஹினே முட் வலது பக்கம் திரும்பு, பாயே முட் இடது பக்கம், பீச்சே முட் பின்பக்கம். தேஜ் சல் நட, தம் நில். ஏழே ஏழு. தாஹினே, பாயே இரண்டையும் குழப்பிக்கொண்டு பக்கத்தில் இருப்பவன் முகத்தில் முட்டாத தமிழ்ப் பையன் ரொம்ப அபூர்வம்.

தப்பு செய்தால் 'ரக்டா' கிடைக்கும்: குட்டிக்கரணம், தவளைத் தாவல், மைதானத்தைச் சுற்றி ஓட்டம். ஒருவன் தப்புக்கு மொத்த அணியும் வாங்குவதும் உண்டு. முதல் மாதம் இது அநியாயமாகத் தெரியும். பீரங்கிப் பக்கம் போனதும் காரணம் புரியும், அங்கே ஒருவன் தப்பு உண்மையிலேயே எல்லோர் தலையிலும் விழும்.

படி 4: தொழில் பிரிப்பது

ஆர்ட்டிலரி என்றால் எல்லோரும் பீரங்கியைச் சுடுகிறவர்கள் என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பீரங்கியடியில் நிற்பவன் கன்னர். கணக்குப் போடுகிறவன் டெக்னிக்கல் அசிஸ்டென்ட், சுருக்கமாக டி.ஏ. ரேடியோவைக் கையாள்பவன் ஆப்பரேட்டர். வண்டி ஓட்டுகிறவன் டி.எம்.டி. எது கிடைத்தாலும் சரிதான். ஆனால் என்னைக் கேட்டால், பத்தாம் வகுப்புக் கணக்கில் பயம் இல்லாதவன் டி.ஏ.வுக்கு ஆசைப்படலாம். மூளைக்கு வேலை அதிகம், மதிப்பும் உண்டு.

படி 5: பீரங்கியடி

அடுத்த 21 வாரம்தான் உண்மையான ஆர்ட்டிலரி. நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். பீரங்கிக்காரன் தான் சுடும் இலக்கைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. 105 மில்லிமீட்டர் இந்தியன் ஃபீல்டு கன் சுமார் 17 கிலோமீட்டர் எட்டும். நடுவில் மலை இருக்கும், காடு இருக்கும். அப்படியானால் எப்படிக் குறி வைப்பது?

முன்னால் ஓர் உயரமான இடத்தில் ஓ.பி., அதாவது இலக்கைக் கண்காணிப்பவர், உட்கார்ந்திருப்பார், அவர்தான் கண். இலக்கு எங்கே என்று ரேடியோவில் சொல்வார். பின்னால் கமாண்ட் போஸ்ட்டில் டி.ஏ. கணக்குப் போடுவான்: எந்தத் திசை, குழாயை எவ்வளவு தூக்குவது, குண்டைத் தள்ளும் மருந்து எத்தனை சார்ஜ். காற்று, வெப்பநிலை எல்லாம் அந்தக் கணக்குக்குள் வரும். அந்த எண்கள் பீரங்கிக்கு வரும். அங்கே கண்ணுக்குத் தெரிகிற ஏதோ ஒரு பொருளை, நட்டுவைத்த கம்பத்தையோ தூரத்துக் கோபுரத்தையோ, டயல் சைட் என்கிற குறிபார்க்கும் கருவியில் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து இத்தனை கோணம் தள்ளி என்று குழாயைத் திருப்புவார்கள். தெரியாத இலக்கைத் தெரிந்த பொருளை வைத்துப் பிடிப்பது, அவ்வளவுதான் சூட்சுமம். முதல் குண்டு விழுந்ததும் ஓ.பி. 'லெஃப்ட்', 'ரைட்', 'ஆட்', 'டிராப்' என்று திருத்தம் சொல்வார். இரண்டு மூன்று திருத்தத்தில் இலக்கைப் பிடித்துவிடலாம். அப்புறம் பேட்டரியின், அதாவது அந்தப் பீரங்கிக் குழுவின், ஆறு பீரங்கியும் சேர்ந்து முழங்கும்.

கோணத்தை இங்கே டிகிரியில் அளக்க மாட்டார்கள், மில் என்ற அளவு. ஒரு முழு வட்டத்துக்கு 6400 மில். ஒரு மில் பிசகினால், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சுமார் ஒரு மீட்டர் தள்ளி விழும். பத்து மில் பிசகி, குண்டு 15 கிலோமீட்டர் போனால்? 150 மீட்டர். நம்ம ஊர்த் தெருவின் ஒரு முனையை அடிக்க நினைத்து இன்னொரு முனையை அடிப்பது மாதிரி. முன்னால் நிற்பது நம் காலாட்படையாகவும் இருக்கலாம். ஒரு எண்ணைத் தவறாகக் கேட்பது ஏன் அவ்வளவு பெரிய குற்றம் என்று இப்போது புரிகிறதா?

அதனால்தான் 3240 என்ற எண்ணை 'த்ரீ டூ ஃபோர் சீரோ' என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். கேட்டவன் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் விழவில்லையென்றால் "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். குத்துமதிப்பாக வைத்துவிடுவதுதான் பாவம்.

பீரங்கியடியில் ஒவ்வொருவனுக்கும் ஒரு நம்பர். நம்பர் 1 தலைவர், பெரும்பாலும் ஹவில்தார். ஒருவன் ப்ரீச்சை, அதாவது குழாயின் பின்வாயை, திறப்பான், ஒருவன் குறி வைப்பான், ஒருவன் ஷெல்லை எடுத்துக் கொடுப்பான். நம்பர்களை மாற்றி மாற்றிப் பழக்குவார்கள், ஏனென்றால் சண்டையில் யார் விழுவார் என்று தெரியாது. 105-க்கான ஷெல் சுமார் 15 கிலோ, ஒரு சின்ன அரிசி மூட்டை. 155 என்றால் 40 கிலோவுக்கு மேல். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். என் இடுப்பு இன்றைக்கும் இதை எனக்கு ஞாபகப்படுத்துகிறது.

படி 6: நிஜமாகச் சுடும் நாள்

குண்டே இல்லாமல் நூறு தடவை செய்த டிரில்தான், இந்த முறை குண்டோடு. சத்தத்தைவிட நெஞ்சில் வந்து மோதும் அந்த அதிர்வுதான் முதலில் பதற வைக்கும். காதடைப்பானைச் சரியாகப் போடுங்கள், வீரம் காட்டக் கழற்றாதீர்கள். சுட்டதும் குழாய் பின்னால் உதைக்கும். அந்தப் பாதையில் கையோ காலோ இருக்கக் கூடாது. உங்களுக்குச் சொன்ன இடத்தைவிட்டு ஓர் அடியும் நகர வேண்டாம். குண்டு வெடிக்காமல் நின்றுபோனால் எதையும் தொடாமல் நம்பர் 1-இன் வாயைப் பாருங்கள்.

படி 7: கசம் பரேட்

கடைசியில் உறுதிமொழி அணிவகுப்பு. காலாட்படை ரெஜிமென்ட்டுகளுக்குப் படைக்கொடி உண்டு. ஆர்ட்டிலரியில் பீரங்கிதான் கொடி, அதற்குத்தான் மரியாதை. உறுதிமொழியும் பீரங்கிகளின் முன்னால்தான். வீட்டாரைக் கூப்பிட்டால் அவசியம் வரச் சொல்லுங்கள். டிக்கெட்டைச் சீக்கிரம் போடுங்கள், அப்பாவை அன்ரிசர்வ்டில் நிற்க வைக்காதீர்கள்.

முதல் வருஷச் சம்பளம் மாதம் 30,000. அதில் 9,000 சேவா நிதிக்கு, அதாவது நாலு வருஷ முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் சேமிப்புக்கு, பிடித்துக்கொண்டு 21,000 கைக்கு வரும். நாலு வருஷம் முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர முடியும் என்பதையும் வீட்டில் மறைக்காமல் பேசிவிடுங்கள்.

அப்புறம் ஏதாவது ஒரு ரெஜிமென்ட். அங்கே இருப்பது நீங்கள் பழகிய பீரங்கியாக இல்லாமல் போகலாம். கார்கிலில் முழங்கிய போஃபர்ஸ் இருக்கலாம், தனுஷ், கே9 வஜ்ரா, இல்லையென்றால் 44 விநாடியில் 12 ராக்கெட் விடும் பினாகா. எதுவானாலும் முதல் நாள் ஒரு ஹவில்தார் வந்து உங்களுக்கு ஒரு நம்பர் கொடுப்பார். சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போய் உங்கள் இடத்தில் நில்லுங்கள்.