மாசி, பங்குனியில் ஏரிக்கரை விரால்: தூண்டில் பழகுபவர்களுக்கு

தூண்டிலுக்குப் புதிதாக வருபவர்கள் ஏரியின் நடுவைப் பார்த்துத்தான் வீசுவார்கள். விரால் அங்கே இருக்காது. கரையோரக் கோரைக்குள், தாமரை இலைக்கு அடியில், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து ஐந்தாறு அடியில் அசையாமல் பதுங்கிக் கிடக்கும். பக்கத்தில் வரும் பொடி மீனை ஒரே பாய்ச்சலில் விழுங்கும். அதனால் தூரம் வீசுவதைவிடச் சத்தமில்லாமல் நிற்பதைத்தான் முதலில் பழக வேண்டும்.

சிவராத்திரியோடு குளிர் ‘சிவ சிவா’ என்று போய்விடும் என்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் தை மாதம் வரை விடியற்காலைத் தண்ணீர் சில்லென்று இருக்கும், மீனும் மந்தமாகக் கிடக்கும். மாசி பாதிக்கு மேல் வெயில் ஏறியதும் அது இரை தேடத் தொடங்கும். மழையில் நிரம்பிய ஏரிகளும் அப்போது வற்ற ஆரம்பித்திருக்கும். பரந்து கிடந்த மீன் பள்ளங்களில் வந்து சேரும்.

அனுமதி

பெரும்பாலான ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். ஊராட்சி அலுவலகத்திலோ குத்தகைதாரரிடமோ கேட்டுவிட்டுப் போங்கள். அணை என்றால் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஒகேனக்கல்லை ஒட்டிய காட்டுப் பகுதிகள் 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தில் வருகின்றன. அங்கே தூண்டிலே வேண்டாம், ஆற்றில் முதலையும் உண்டு. ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் பெங்களூருப் பக்கத்துக் கழிவு கலந்த தண்ணீர் வந்து நுரை பொங்குவது எல்லோரும் பார்த்ததுதான். அங்கே பிடிக்கும் மீனைச் சமைக்க நாங்கள் சொல்ல மாட்டோம்.

வேண்டிய சாமான்

10 முதல் 12 அடி மூங்கில் கழி, நுனி வளைய வேண்டும், ஆனால் தொய்யக் கூடாது. 0.45 மி.மீ. நைலான் நரம்பு, கழியின் நீளத்துக்குச் சரியாக. 1/0 எண் முள். ஒரு தக்கை, பட்டாணி அளவு ஈயம். ஜிலேபி மீனுக்குப் போடும் 0.25 மி.மீ. நரம்பை இதற்குக் கட்டாதீர்கள். முள் தைத்ததும் விரால் புல்லுக்குள் புகுந்து சுற்றும், மெல்லிய நரம்பு அங்கேயே அறுந்துவிடும்.

முள்ளைக் கட்டும் முறை: நரம்பை முள்ளின் காதில் (மேல்முனை ஓட்டையில்) நுழைத்து, தன்மேலேயே ஐந்து சுற்று சுற்றுங்கள். நுனியைக் காதுக்குப் பக்கத்தில் உள்ள முதல் வளையத்தில் விட்டு, எச்சிலால் நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உரசும் சூட்டில் முடிச்சு பலமிழக்கும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போனபின் நரம்பின் நுனியைப் பாருங்கள். பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தால் அவிழ்ந்தது முடிச்சுதான், நரம்பைக் குறை சொல்ல வேண்டாம்.

ஈயம் முள்ளுக்கு ஒரு சாண் மேலே. தக்கையை, இரை தரைக்கு அரை அடி மேலே நிற்கும்படி வையுங்கள். கரையோரத்தில் ஒன்றரை, இரண்டு அடி ஆழமே போதும்.

இரை

இரண்டு, மூன்று அங்குலப் பொடிக் கெண்டை நல்ல இரை. அதைப் பிடிக்க 14-ஆம் எண் சின்ன முள்ளில் பயறளவு களி உருண்டை வையுங்கள், வீட்டில் மிஞ்சிய கேழ்வரகுக் களியே போதும். கெண்டையின் முதுகுத் துடுப்புக்கு அடியில், சதையில் மட்டும் முள்ளை ஏற்றுங்கள். நடு எலும்பில் பட்டால் அது செத்துப்போகும். செத்த இரையை விரால் பெரும்பாலும் சீண்டாது.

உயிர்த் தவளை வேண்டாம். சில தவளை இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன, எது எது என்று பழகுபவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரப்பர் தவளை கடைகளில் கிடைக்கிறது, ஆனால் அதற்கு ரீல் வைத்த கழி வேண்டும்.

இடம் பார்ப்பது

காலை 6 முதல் 9 வரை, மாலை 4-க்கு மேல். போனவுடன் தூண்டிலை இறக்காமல் பத்து நிமிடம் கரையில் உட்கார்ந்து பாருங்கள். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். ‘களக்’ என்று ஒரு சத்தம், வட்டமாக ஒரு சுழிப்பு, சில குமிழி: அதுதான் இடம். கோரை முடிந்து வெறும் தண்ணீர் தொடங்கும் விளிம்பு, விழுந்து கிடக்கும் கருவேல முள், மதகடிப் பள்ளம், இவற்றை முதலில் பாருங்கள்.

வயலுக்கு வண்டல் மண் அள்ளிய குழிகளில் தண்ணீர் கடைசிவரை நிற்கும், விராலும் அங்கே சேரும். ஆபத்தும் அங்கேதான். முழங்கால் தண்ணீர் அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடும். மேலே காய்ந்து தெரியும் சேறும் உள்ளே இளகியிருக்கும். தண்ணீரில் இறங்காமல் கரையிலிருந்தே போடுங்கள். கே.ஆர்.பி. அணைக்கு (கிருஷ்ணகிரி அணை) கீழே தென்பெண்ணையில் நிற்பவர்கள் ஷட்டர் திறப்பதை மறக்கக் கூடாது.

போடுவதும் இழுப்பதும்

வீசாமல் கழியை நீட்டி, இரையைப் புல் விளிம்பில் மெல்ல இறக்குங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. பத்து நிமிடம் அசைவில்லை என்றால் மூன்றடி தள்ளிப் போடுங்கள்.

தக்கை துடித்தால் அது கெண்டை பயந்து துள்ளுவது. அப்போது இழுக்காதீர்கள். தக்கை முங்கி ஒரு பக்கமாக நகர்ந்தால் விரால் கவ்விவிட்டது. உடனே வெட்டினால் (கழியைச் சுண்டி இழுத்தால்) இரை மட்டும் பிய்த்துக்கொண்டு வரும், ஏனென்றால் விரால் பெரும்பாலும் இரையைக் குறுக்கே கவ்வி, பிறகுதான் திருப்பி விழுங்கும். ஐந்து எண்ணுங்கள். நரம்பு விறைத்ததும் கழியை மேல்நோக்கி ஒரே வெட்டு. அதோடு நிற்காமல், நரம்பைத் தொய்ய விடாமல் கரைக்கு இழுத்துவிடுங்கள். விளையாட்டுக் காட்டினால் அது புல்லுக்குள் போய்விடும். எண்ணாமல் வெட்டுவதில்தான் நிறைய மீன் போகும்.

கரையேறிய விரால் புல்லில் நெளிந்தே தண்ணீருக்குத் திரும்பிவிடும். பத்தடி உள்ளே கொண்டுவந்து, ஈரத் துணியால் பிடித்து முள்ளைக் கழற்றுங்கள். மூடியுள்ள வாளியில் கால்பாகம் தண்ணீர் போதும், மூடியில் ஓட்டை இருக்க வேண்டும். விளிம்புவரை நிரப்பி மூடினால் காற்றில்லாமல் செத்துவிடும்.

ஓரடிக்குக் குறைந்த விராலைத் திருப்பி விடுங்கள், அது பெரும்பாலும் இன்னும் முட்டையிட்டிருக்காது. சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேலே கொதிப்பதுபோல் தெரிந்தால் தூண்டிலை எடுத்துக்கொண்டு வேறு இடம் போங்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும், தூண்டிலைக் கண்டால் பாய்ந்து கவ்வும். அவற்றைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சையும் மற்ற மீன்கள் தின்றுவிடும்.

வீட்டில் கழுவும்போது அடுப்புச் சாம்பலைத் தேய்த்து, கல்லில் உரசினால் வழுவழுப்பு போகும். சாம்பல் இல்லையென்றால் கல் உப்பு. செதிலை வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டுங்கள்.