விட்டுப்போன கிலோமீட்டர்களைத் துரத்தாதீர்கள்

அக்னி நட்சத்திரம் முடிந்ததும் பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலையில் புதிய முகங்கள் தென்படத் தொடங்கும். ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் சென்னை மாரத்தான்தான் பலருடைய குறி. ஆறேழு மாதம் இருக்கிறது, போதும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த மாதங்களுக்குள் வடகிழக்குப் பருவமழை வரும், தீபாவளி வரும், வீட்டில் ஒருவருக்காவது காய்ச்சல் வரும், அலுவலகத்தில் ஷிப்ட் மாறும். பயிற்சி அட்டவணையில் இவற்றுக்கு ஒரு கட்டம்கூட இருக்காது.

புது ஷூவோடு போட்டிக்குப் போகாதீர்கள், தண்ணீர் குடியுங்கள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. சூழ்நிலை மாறிய பிறகும் பழைய திட்டத்தை அப்படியே இழுத்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றித்தான் இது. புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்கள் செய்யும் தவறுகளில் நான் ஒரு காலத்தில் செய்யாதவை குறைவு.

குளிர் நாட்டு வேகத்தை இங்கே தேடுவது

நம் கைக்குக் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகளில் பெரும்பாலானவை குளிர்ந்த ஊர்க்காரர்கள் எழுதியவை. மாரத்தானுக்கு உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ். ஜூன் மாதச் சென்னையில் விடியற்காலையிலேயே 28 டிகிரி இருக்கும். காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும். வியர்வை ஆவியானால்தான் உடல் சூடு இறங்கும். அது நடக்காதபோது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்கிறது. வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும். பழகிய பிறகும் குளிர் நாட்டு வேகம் வந்துவிடாது.

ஆகவே கோடையில் கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைப் பாருங்கள். நீண்ட ஓட்டத்தின்போது பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. மார்கழி பிறந்ததும் அதே உழைப்புக்கு நேரம் தானாகக் குறைவதைக் காண்பீர்கள்.

விட்டுப்போனதை ஈடுகட்டுவது

இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

எங்கள் குழுவில் ஓர் இளைஞர் இருந்தார். வாரம் 40 கிலோமீட்டர் ஒழுங்காக ஓடி வந்தவர். நவம்பரில் மழை, அதன் பின்னாலேயே காய்ச்சல் என்று மூன்று வாரம் போய்விட்டது. திரும்பி வந்த அன்று, "அண்ணா, 120 கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது. நாலு வாரத்தில் முடித்துவிடுவேன்" என்றார். வாரத்துக்கு 30 கூடுதல், ஆக 70. கைப்பேசிச் செயலி விடுபட்ட நாட்களையெல்லாம் சிவப்புக் கட்டமாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்பை அழிக்காமல் அவரால் தூங்க முடியவில்லை. தண்டல்காரனுக்குப் பாக்கி வைத்தவர்போலத் தவித்தார். யாருக்குப் பாக்கி? ஓடாத ஓட்டத்தைக் கேட்டு எவரும் வாசலில் வந்து நிற்கப்போவதில்லை.

வேண்டாம் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். மாலையில் தனியாகப் போய் இன்னொரு முறை ஓடியிருக்கிறார்.

இதில் ஏமாற்றுவது மூச்சுதான். ஓட்டத்தை நிறுத்திய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. அதனால் திரும்பி வந்த முதல் ஓட்டத்தில் மூச்சு வாங்கும். ஆனால் அது விரைவில் சரியாகிவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் பழையபடி ஓட முடிகிறதே என்று நம்பிக்கை வந்துவிடும். எலும்பும் தசைநாணும் அந்த வேகத்தில் வருவதில்லை. அவற்றுக்கு மாதக்கணக்கில் காலம் வேண்டும். சுமை திடீரென்று கூடினால் எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ள முனைகிறது. முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கும். பிறகுதான் புதியதைக் கட்டும். இடைப்பட்ட சில வாரங்களில் அந்த இடம் முன்பைவிட வலுக்குறைந்து நிற்கும். நம் ஆள் சரியாக அப்போதுதான் 70 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி என்றார். ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய அளவுக்கு ஒரே இடத்தில் வலி. தசை வலி இப்படி இருக்காது, பரவலாக இருக்கும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று மகிழ்ச்சியோடு மறுபடி ஓடினார். மயிரிழை விரிசல் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது தெரிந்தது. இத்தகைய விரிசலுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டமே கூடாது. மூன்று வாரப் பாக்கியை அடைக்கப் போய், மொத்தப் பருவமும் போயிற்று.

அவர் செய்திருக்க வேண்டியது இதுதான். காய்ச்சல் முழுதாக விட்டு, மருத்துவர் சரி என்ற பிறகே தொடங்க வேண்டும். வைரஸ் காய்ச்சலோடு ஓடினால் இதயத் தசையே வீங்கும் ஆபத்து உண்டு. டெங்குவாக இருந்தால் சோர்வு வாரக்கணக்கில் நீடிக்கும், இன்னும் பொறுக்க வேண்டும். முதல் வாரம் பழைய தூரத்தில் பாதி, அதாவது 20 கிலோமீட்டர், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அடுத்த வாரங்களில் 26, 32, 36. ஐந்தாவது வாரத்தில் பழைய 40. அதற்குள் ஜனவரி வந்துவிடும் என்றால் 42.195 கிலோமீட்டரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டு, அரை மாரத்தானோ 10 கிலோமீட்டரோ ஓடலாம். அட்டவணையில் விடுபட்ட வாரங்கள் சிவப்பாகவே இருக்கட்டும். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றால் செயலியை நீக்குங்கள்.

இதை எத்தனை விளக்கினாலும் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒருவராவது நொண்டிக்கொண்டு வந்து நிற்கிறார். முன்பெல்லாம் பொறுமையாகச் சொல்வேன். இப்போது குரல் உயர்ந்துவிடுகிறது.

பழைய நேரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவது

ஓட்டம் என்றால் நாலரை மணிக்கு எழுந்தால்தான் ஓட்டம் என்று ஒரு பிடிவாதம். பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் அமெரிக்க நேரத்துக்கு மாற்றிவிட்டால் படுக்கவே நள்ளிரவு தாண்டும். நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு 15 கிலோமீட்டர் ஓடுவது பயிற்சி ஆகாது. மாலையில் ஓடுங்கள், மதியத்தில் அலுவலகத்து டிரெட்மில்லில் ஓடுங்கள். பழக்கத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல், அன்றாடம் தவறாமல் செய்யும் ஏதாவதொரு வேலையோடு கட்டுங்கள்: அலுவலகப் பையைக் கீழே வைத்ததும் ஷூ மாட்டுவது என்பதுபோல.

வீட்டில் கைக்குழந்தை என்றால் வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் போதும். அதில் ஒரு நாள் மூச்சு வாங்கும் வேகத்தில் ஓடினால், தூரம் வெகுவாகக் குறைந்தாலும் இதயமும் நுரையீரலும் பல வாரங்களுக்கு அவ்வளவாகப் பின்வாங்குவதில்லை. ஓட்டத்துக்காகக் குழந்தையின் அம்மாவிடம் திட்டு வாங்குகிறவர்களுக்கு என்னிடம் அனுதாபம் கிடையாது.

மழை வெள்ளத்தில் வீரம் காட்டுவது

தேங்கிய நீருக்கு அடியில் மூடியில்லாத வடிகால் இருக்கும், அறுந்த மின்கம்பி இருக்கும். வீட்டில் இருங்கள்.

கட்டணம் கட்டிவிட்டோமே என்று ஓடுவது

அந்தப் பணம் ஓடினாலும் வராது, ஓடாவிட்டாலும் வராது. சில போட்டிகளில் குறிப்பிட்ட தேதிக்குள் கேட்டால் முழு மாரத்தானிலிருந்து அரைக்கு மாற்றித் தருகிறார்கள். விதிமுறையைப் பதிவு செய்கிற அன்றே படித்து அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மழைக்காலத்தில் அது கண்ணில் படட்டும்.