பிளஸ் டூவில் கணக்கு படிக்காமல் பொருளாதாரத்துக்கு வந்தவர்களுக்கு

பி.ஏ. பொருளாதாரத்தில் கணிதத் தாளைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைகளிடம் ஒவ்வொரு வருஷமும் நான் சொல்வது ஒன்றுதான். விடை வந்ததும், அது பொருளாதாரத்தில் என்ன சொல்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லையா, அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.

முதலில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து நேர்க்கோடு, சாய்வு, இருபடிச் சமன்பாடு மூன்றையும் திரும்பப் போட்டுப் பாருங்கள். சாய்வு புரிந்தால் வகையிடல், அதாவது ஒன்று மாறும்போது மற்றது எந்த வேகத்தில் மாறுகிறது என்று காண்பது, புரியும். மொத்தச் செலவை வகையிட்டால் இறுதிநிலைச் செலவு, அதாவது இன்னும் ஒரு அலகு தயாரிக்க ஆகும் கூடுதல் செலவு, அவ்வளவுதான்.

பலரும் தடுமாறுவது லாக்ராஞ்சியன் முறையில், அதாவது ஒரு கட்டுப்பாட்டுக்குள் அதிகபட்சத்தைக் கண்டுபிடிக்கும் முறையில். அதை நேராகச் சமன்பாட்டில் தொடங்காதீர்கள். கையில் 100 ரூபாய், டீ 10, வடை 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். டீயின் எண்ணிக்கையை வடையின் எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைப்பது பயன்பாடு, அதாவது திருப்தியின் அளவு, என்று கொள்ளுங்கள். பட்டியல் போடுங்கள்: 4 டீ, 12 வடை என்றால் 48. 6 டீ, 8 வடை என்றாலும் 48. 5 டீ, 10 வடை என்றால் 50, அதுதான் பெருமம், அதாவது அதிகபட்சம். இப்போது லாக்ராஞ்சியன் எழுதித் தீர்த்துப் பாருங்கள், அதே 5, 10 வரும். கூடவே அந்தச் சமன்பாட்டில் கட்டுப்பாட்டோடு பெருக்கும் எண்ணான லாம்டா 1 என்று வரும். நிறையப் பேர் அதைத் தேர்வுத்தாளில் எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் அது! வருமானத்தை 101 ஆக்கிப் பாருங்கள். டீயையும் வடையையும் பின்னமாகவும் வாங்கலாம் என்று கொண்டால் 5.05 டீ, 10.1 வடை, பயன்பாடு 51.005 ஆகிறது. கூடுதலாக வந்த ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய ஒரு அலகு பயன்பாடு. லாம்டா சொன்னது அதைத்தான்.

புள்ளியியலுக்கு உண்மையான தரவை எடுங்கள். 2022-23 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் ஒருவரின் சராசரி மாதச் செலவு கிராமத்தில் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459. பாதிப் பேர் இதற்கு மேல் செலவழிக்கிறார்கள் என்று எழுதிவிடக் கூடாது. மேலே இருக்கும் சிலர் சராசரியை இழுத்துவிடுவார்கள், அதனால்தான் இடைநிலையையும், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பையும், கேட்க வேண்டும். தொடர்புப் போக்கை (regression), அதாவது புள்ளிகளுக்குப் பொருந்தும் கோட்டை, ஐந்து புள்ளிகளுக்குக் கையால் போட்டுப் பழகுங்கள், அப்புறம் எக்செல்.

தேர்வுக்கு ஒன்று: லாபப் பெருமம் கேட்டால் முதல் வகைக்கெழுவை (ஒருமுறை வகையிட்டால் வருவதை) பூஜ்ஜியமாக்கியதோடு நிறுத்தாதீர்கள். இரண்டாவது வகைக்கெழு எதிர்மறை என்று காட்டினால்தான் அது பெருமம்.