ஸ்பீக்கர் வயருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

விலை கூடிய வயர் போட்டால் செட் நல்லாப் பாடுமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது, விலையைப் பார்க்காதீர்கள், பருமனைப் பாருங்கள், அப்புறம் முனையைப் பாருங்கள் என்பதுதான். இலங்கை மலையகத்து ஹட்டனில் ஆம்ப், ஸ்பீக்கர் திருத்துவது என் தொழில். இங்கே வயரால் வரும் கோளாறு முக்கால்வாசி முனையில்தான் இருக்கும்.

முதலில் பருமன். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் மீட்டருக்குத் தடை சுமார் 0.007 ஓம். ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக, வர 10 மீட்டர், அதாவது 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது ஒரு வீதம்கூட இல்லை. 5 வீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது பழைய கணக்கு. சின்ன ஹோலுக்கு 1.5 தாராளம். 4 ஓம் ஸ்பீக்கர், நீளமான ஓட்டம் என்றால் 2.5 போடுங்கள். அதற்கு மேல் கொடுக்கிற காசு வயரின் அழகுக்குத்தான்.

ஆனால் செம்பா என்று பார்த்து வாங்க வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினியத்தைச் செம்பு என்றே விற்கிறார்கள். ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதற்குத் தடை கூட, வளைத்து வளைத்து எடுத்தால் செம்பைவிடச் சீக்கிரம் முறிந்தும் போகும். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, பயப்பட வேண்டாம்.

இனி முனை. மழையும் பனிமூட்டமும் விடாத மாதங்களில் தோலுரித்த செம்பு முதலில் கறுக்கும், பிறகு பச்சை பிடிக்கும். ஸ்பீக்கர் கரகரத்தாலோ, ஒரு பக்கம் விட்டு விட்டுப் பாடினாலோ கடைக்குத் தூக்கி வரும் முன் இதைச் செய்து பாருங்கள்: ஆம்பை நிறுத்தி, கறுத்த பகுதியை வெட்டி எறிந்து, ஒரு சென்டிமீட்டர் புதிதாக உரித்து, இழைகளை இறுக முறுக்கித் திருகுங்கள். ஒரு இழைகூட பக்கத்து முனையைத் தொடக்கூடாது, தொட்டால் ஆம்ப் போய்விடும். திருகு முனைக்குள் போகும் வயருக்கு ஈயம் வைக்காதீர்கள், அதாவது சோல்டர் பண்ணாதீர்கள். ஈயம் மெத்தென்று நசுங்கிக் கொடுக்கும், நாளாக ஆக திருகு தளரும்.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு, கறுப்பு மாறினாலும் பேஸ் காணாமல் போகும். சந்தேகம் என்றால் வயரை ஆம்பிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பட்டரியின் பிளஸை சிவப்பு வயரிலும் மைனஸை கறுப்பு வயரிலும் ஒரு நொடி தொடுங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் கோன் முன்னால் துள்ள வேண்டும்.

இவ்வளவு சொல்லியும் நம்பாதவர்கள் உண்டு, முக்கியமாக வெளிநாட்டிலிருந்து மச்சான் அனுப்பிய வயர் கையில் இருந்தால். சரி, காதையே கேட்போம். வீட்டில் ஒருவர் காசு சுண்டி, பூ விழுந்தால் விலை வயர், தலை விழுந்தால் சாதா வயர் மாட்டட்டும். மாட்டும்போது ஆம்ப் நின்றிருக்க வேண்டும், நீங்கள் வெளியே நிற்க வேண்டும். சத்தக் குமிழைத் தொடாமல், அதே பாட்டைக் கேட்டு எது என்று சொல்லுங்கள். பத்துத் தடவையில் ஐந்து சரி என்பது குருட்டாம்போக்கிலேயே வரும். ஒன்பது சரியாகச் சொன்னால் நானும் வந்து கேட்கிறேன்.

வயர் உண்மையிலேயே சத்தத்தை மாற்றும் இடம் ஒன்று உண்டு. இசைத்தட்டு பிளேயரிலிருந்து ஆம்புக்கு வரும் வயர். அதன் மின் கொள்ளளவு (கப்பாசிட்டன்ஸ்) கூடினால் காந்த ஊசியின் மேல்ஸ்தாயி ஒலி மாறும், இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை (ஷீல்ட்) சரியில்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் மெயின் இரைச்சலும் புகும். அங்கேயும் பெரிய விலை வேண்டாம். உறை நன்றாக உள்ளதை, ஒரு மீட்டருக்கு மேல் போகாமல் வாங்கி, பிளேயரின் எர்த் வயரை ஆம்பின் எர்த் திருகில் மாட்டுங்கள்.