தண்ணிக்குள்ள பேசுறது, எழுதுறது எப்படி? புதுசா டைவ் பண்றவங்களுக்கு

வாய்ல ரெகுலேட்டர் (டேங்க்லேர்ந்து மூச்சுக்காத்து குடுக்குற கருவி) இருக்கும்போது பேச முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். கத்தினா கேக்குமான்னா கேக்கும், ஆனா வெறும் "ம்ம்ம் ம்ம்ம்"தான், அதுவும் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னே பிடிபடாது. தண்ணில சத்தம் செகண்டுக்கு சுமார் 1500 மீட்டர் போகுது, காத்துல போறதை விட நாலு மடங்குக்கும் மேல. அதனால ரெண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்துல வந்துடும், மூளை குழம்பிடும். ஸோ கை, லைட்டு, ஸ்லேட்டு, இந்த மூணையும் நம்பித்தான் நாம உள்ள போறோம்.

ஸ்டெப் 1: குதிக்கிறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுடுங்க

இதைத்தான் நிறைய பேர் ஸ்கிப் பண்றாங்க, எனக்குக் கேட்டா மத்த எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம். கூட வர்ற பட்டி (buddy, நம்மகூட ஜோடியா டைவ் பண்றவர்) எங்க டிரெய்னிங் எடுத்தாரோ, அங்க சொல்லிக் குடுத்த சைகை உங்களோடதுலேர்ந்து கொஞ்சம் மாறியிருக்கும். குறிப்பா நம்பர். 6லேர்ந்து 9 வரைக்கும் விரலைப் படுக்க வச்சு ஒரே கையில காட்றவங்க இருக்காங்க, ரெண்டு கையால காட்றவங்களும் இருக்காங்க. "உன் டேங்க்ல எத்தனை பார்?"னு (பார், bar, காத்தோட அழுத்தத்தை அளக்குற அளவு) கேட்டா 120ஐ எப்படிக் காட்டுவீங்கன்னு மேலேயே ஒரு தடவை செஞ்சு பாத்துடுங்க, ரெண்டு நிமிஷ வேலைதான்.

ஸ்டெப் 2: கை சைகை

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேத்து வட்டம் போட்டா ஓகே. கேள்வியும் இதேதான், பதிலும் இதேதான், அதனால யாராவது காட்டினா தலையாட்டாம திருப்பிக் காட்டணும். கட்டைவிரலை மேல தூக்கினா "சூப்பர்"னு அர்த்தம் கிடையாது, "மேல போலாம்"! என்னோட ஆரம்ப டைவ் ஒண்ணுல ஒரு ஆமை பக்கத்துல வந்துச்சு, நான் சந்தோஷத்துல கட்டைவிரலைத் தூக்கிட்டேன், பட்டி உடனே சீரியஸா மேல ஏற ஆரம்பிச்சுட்டார், ஆமையை விட்டுட்டு நான் அவர் பின்னாடி போக வேண்டியதாப் போச்சு. அவர் செஞ்சதுதான் சரி.

ஏதாவது பிரச்சனைன்னா கையைத் தட்டையா வச்சு இப்படியும் அப்படியும் ஆட்டிட்டு, எங்க பிரச்சனையோ அதைத் தொட்டுக் காட்டுங்க, காதுன்னா காது, மாஸ்க்னா மாஸ்க். காத்து கம்மியா இருந்தா முஷ்டியை நெஞ்சுல வைக்கணும். சுத்தமா காத்து இல்லைன்னா கையைக் கழுத்துக்குக் குறுக்க வெட்டுற மாதிரி காட்டணும், இதை மட்டும் விளையாட்டுக்குக் கூட காட்டாதீங்க.

ஸ்டெப் 3: திரும்பிப் பாக்க வைக்கிறது

பட்டி வேற பக்கம் பாத்துட்டு இருந்தா சைகை காட்டி என்ன புண்ணியம்? டேங்க்ல ஏதாவது உலோகத்தால ரெண்டு தட்டு தட்டுங்க, இல்ல உள்ள குண்டு போட்ட ஷேக்கரை ஆட்டுங்க. ஆனா ஒவ்வொரு மீனுக்கும் கடகடன்னு ஆட்டிட்டே இருந்தா அப்புறம் நிஜமா ஆபத்து வரும்போது ஒருத்தரும் திரும்ப மாட்டாங்க.

நைட் டைவ்ல டார்ச்தான் பாஷை. தரையில வட்டமா சுத்தினா ஓகே, மெதுவா இடவலமா ஆட்டினா இங்க பாரு, வேகமா ஆட்டினா அவசரம். மூஞ்சில மட்டும் அடிச்சுடாதீங்க, கண்ணு கூசி அடுத்த கொஞ்ச நேரத்துக்கு அவருக்கு ஒண்ணும் தெரியாது. கை சைகைதான் காட்டணும்னா டார்ச்சை உங்க கையில அடிச்சுக் காட்டுங்க.

ஸ்டெப் 4: ஸ்லேட்டு

வெள்ளை பிளாஸ்டிக் பலகை, சாதா பென்சில், அவ்ளோதான். பென்சில் எழுத்து தண்ணில கரையாது. புது ஸ்லேட்டு வழவழன்னு இருந்து எழுத்து பிடிக்கலைன்னா நைஸ் உப்புத்தாளால லேசா தேச்சு விடுங்க, உடனே வித்தியாசம் தெரியும். மரப் பென்சில் ஊறி வெடிக்கும், கையை விட்டா மிதந்து மேல போயிடும், அதனால சின்னதா வெட்டி கயித்துல கட்டுங்க, ஸ்லேட்டோட இன்னொரு பக்கம் ஸ்பேர் ஒண்ணு. சிவப்பு கலர் வேண்டாம், ஆழத்துல முதல்ல மங்குறது சிவப்புதான்.

எழுதும்போது கதை எழுதாதீங்க. கிளவுஸ் போட்ட கையால நம்ம தமிழ் எழுத்தோட சுழியெல்லாம் போட்டுப் பாத்தா ஒரே நூல்கண்டு மாதிரி வரும், அதுக்கு ஒரு வார்த்தை, ஒரு அம்புக்குறி, ஒரு படம் போதும். மீன் பேரு தெரியலைன்னா வால் வடிவமும் கோடு எங்க இருக்குங்கறதும் வரைஞ்சுக்குங்க, பக்கத்துல ஆழமும் டைமும். எழுதுற மும்முரத்துல மிதப்பு மாறி மேலயோ கீழயோ போயிட்டு இருப்பீங்க, ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை ஆழம் காட்டுற கேஜைப் பாருங்க. 30 மீட்டர் கிட்ட போயிட்டா நைட்ரஜன் மயக்கம் (ஆழத்துல மூச்சுக்காத்துல இருக்கற நைட்ரஜனால வர்ற போதை மாதிரி) வேற சேந்துக்கும், அங்க எழுதினதை மேல வந்து படிச்சா நமக்கே சிரிப்பா இருக்கும்.

நிறைய எழுதணும்னா தண்ணில நனையாத பேப்பர் போட்ட நோட்புக் கிடைக்குது. முழு மூஞ்சியும் மூடுற மாஸ்க்ல மைக் வச்சு நிஜமாவே பேசிக்கலாம், ஆனா அதுக்குத் தனி டிரெய்னிங் வேணும், இப்போதைக்கு விடுங்க.

கடைசியா, கரைக்கு வந்த அன்னைக்கே ஸ்லேட்டுல இருக்கறதை லாக் புக்ல (டைவ் விவரமெல்லாம் குறிச்சு வைக்கிற நோட்டு) ஏத்திடுங்க, இல்ல ஃபோன்ல ஒரு போட்டோ. அப்புறமா கொஞ்சம் டூத்பேஸ்ட் போட்டு ஸ்க்ரப்பரால தேச்சா பளிச்னு போயிடும்.