புது டீப் ஹவுஸ் டிராக் வாங்கும்போது டீஜேக்கள் சறுக்கும் இடங்கள்

வெள்ளிக்கிழமை வந்தால், டீஜேக்கள் பாட்டு வாங்கும் இணையக் கடைகளான பீட்போர்ட்டிலும் டிராக்ஸோர்ஸிலும் புது டிராக்குகள் வந்து குவியும். ஆழ்ந்த, நிதானமான நடன இசையான டீப் ஹவுஸ் பிரிவை மட்டும் முழுக்கக் கேட்டு முடிக்கவே ஒரு நாள் போதாது. அதனால் என்ன செய்கிறோம்? மடிக்கணினியைத் திறந்து, முன்னோட்டத்தின் நடுவில் ஒரு தட்டு, பத்து நொடி கேட்பு, அடுத்ததற்குத் தாவல். நானும் பல வருஷம் இப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இதில் ரெண்டு கோளாறு இருக்கிறது. முதலாவது, மடிக்கணினி ஸ்பீக்கர். கிக்கும் (தாளத்தின் அடி முழக்கம்) பேஸும் (கீழ்ஸ்வர வரி) பெரும்பாலும் 40 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் குடியிருக்கின்றன. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அந்தப் பகுதி வரவே வராது. காதில் விழுவது கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) ஹை-ஹேட்டும் (டிரம்மின் தகட்டுத் தாளம்) குரலும்தான். மேலே மினுமினுப்பாகவும் கீழே காலியாகவும் இருக்கும் டிராக்குகளை வாங்கிவிட்டு, நடனத் தளத்தில் போட்டதும் 'ஏன் யாரும் அசையவில்லை' என்று விழிப்போம். நல்ல ஹெட்ஃபோனாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அந்தப் பத்து நொடி. 1986-ல் சிகாகோவின் லாரி ஹெர்ட், மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் வெளியிட்ட 'கேன் யூ ஃபீல் இட்' டிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கார்டு, சுற்றிச் சுற்றி வரும் ஒரு பேஸ் வரி, அவ்வளவுதான். பத்து நொடி கேட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். நாலு நிமிஷம் அதோடு இருந்தால்தான் அது பிடிக்கும். இந்த இசை அப்படிப் பிறந்தது. இன்று வரும் நல்ல டிராக்கும் அப்படித்தான் வேலை செய்யும்.

கடையின் பெயர்ப்பலகையை நம்புவதும் ஆபத்து. 2013, 2014 வாக்கில் பிரிட்டனில் பாப் பட்டியலின் உச்சிக்குப் போன பல பாட்டுகளுக்கு 'டீப் ஹவுஸ்' என்று பட்டம் கட்டினார்கள். அவற்றில் பல, 90-களின் பியானோ ஹவுஸ், கராஜ் என்ற வேறு நடன இசை வகைகள் புதுச் சட்டை போட்டு வந்தவை. குழப்பம் இன்னும் முழுக்கத் தீரவில்லை. பிரிவை விட ஆளையும் லேபிளையும் பின்தொடர்வது எனக்குக் கைகொடுத்திருக்கிறது. டீப் ஹவுஸ் தயாரிப்பாளர் கெர்ரி சாண்ட்லர் ஒரு ரீமிக்ஸ் செய்தால், மூலப் பாட்டு யாருடையது என்று பார்க்காமல் கேட்டுவிடுவேன்.

அப்புறம், அவசரத்தில், ரேடியோவுக்காகச் சுருக்கிய ரேடியோ எடிட்டை வாங்கிவிடுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 பிபிஎம்மில் (நிமிஷத்துக்கு 120 தாளத் தட்டு) ஒரு தட்டு அரை நொடி, நாலு தட்டு சேர்ந்த ஒரு பார் 2 நொடி. டீஜேக்களுக்காக நீட்டிய எக்ஸ்டெண்டட் மிக்ஸில் 32 பார் அறிமுகம் இருந்தால் உங்கள் கையில் 64 நொடி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் டிராக்கின் பேஸை மெல்லக் குறைத்து, புதியதன் பேஸை ஏற்ற அது தாராளம். ரேடியோ எடிட்டில் சில நொடியிலேயே குரல் நுழைந்துவிடும். இரண்டு பாடகர்கள் ஒரே மேடையில் சண்டை போடுவார்கள்.

ஃபைல் விஷயத்தில் சொந்தமாகச் சூடு பட்டவன் நான். வீடியோவிலிருந்து உருவிய ஒரு டிராக்கை 320 கேபிபிஎஸ் (ஒலித் தரத்தைக் காட்டும் எண்) எம்பி3-யாக மாற்றி எடுத்துப் போனேன். வீட்டில் ஜோராக இருந்தது. கிளப்பின் பெரிய சிஸ்டத்தில் ஹை-ஹேட் தகரத்தில் மணல் கொட்டுவதுபோலச் சரசரத்தது. ஆடியவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். 128-ஐ 320 ஆக்கினால் போன ஒலி திரும்பி வராது. ஒலியின் அதிர்வெண்களைப் படமாக (ஸ்பெக்ட்ரம்) காட்டும் இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள்; 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் நின்றிருந்தால் சந்தேகப்படலாம். ஒலியைச் சுருக்காத ஆறு நிமிஷ வேவ் ஃபைல் 60 எம்பி-தான். இன்றைய பென்டிரைவுக்கு அது ஒரு சுமையே இல்லை.

மென்பொருள் காட்டும் கீ-யை (பாட்டின் ஸ்வர அடிப்படை) வேதவாக்காக எடுக்கவும் வேண்டாம். டீப் ஹவுஸ் முழுக்க செவன்த், நைன்த் கார்டுகள். ஏ மைனர் செவன்த்தும் சி மேஜர் சிக்ஸ்த்தும் ஒரே நாலு ஸ்வரங்கள்: ஏ, சி, ஈ, ஜி. மென்பொருள் தடுமாறாமல் என்ன செய்யும்? சேர்கிறதா என்று காதால் கேளுங்கள்.

118, 120 பிபிஎம்மில் இருக்கும் டிராக்கைக் கூட்டம் சூடாக இருக்கிறதென்று 127-க்கு இழுப்பதும் வேண்டாம். வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் பிடிக்கும் கீ-லாக் போட்டால் கார்டு குழறும், போடாவிட்டால் குரல் கீச்சிடும். எப்படியானாலும் அந்தச் சோம்பலான ஸ்விங் செத்துவிடும்.

கடைசியாக, வாங்கிய பத்தையும் அதே இரவில் போட்டுத் தீர்ப்பது. உங்களுக்கே டிராக் பழகியிருக்காது, தாளம் ஓய்ந்து நிற்கும் பிரேக் எங்கே முடிகிறது என்று தெரியாது. தெரிந்த டிராக்குகளுக்கு நடுவில் ஒன்றிரண்டைச் செருகினால் போதும். என் பென்டிரைவில் 'புதுசு' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. ஒரு மாதத்துக்குள் ஒரு தடவையாவது போடத் தோன்றாத டிராக் அங்கிருந்து வெளியேறிவிடும். போன மாதம் பதினொன்று வாங்கினேன், மூன்று மிச்சம்.