குட்டிகளை உதறிய தாய்ப்பூனை

"மனிதர் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது" என்று எங்கள் கடலூர் முதுநகர்த் தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நான் நம்பவில்லை. பால் குடிக்க நெருங்கினால் சீறிக் கடித்த பூனை, குட்டிகள் தூங்கும்போது நக்கிக்கொடுத்தது. வெறுப்பு என்றால் நக்குமா?

வயிற்றைத் தடவிப் பார்த்தேன். பின்பக்கக் காம்பு ஒன்று சிவந்து, கல்லாக இறுகிக் கொதித்தது. மாடு வளர்ப்போர் சொல்லும் மடிநோய்தான். கால்நடை மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்து, வெந்நீர்த் துணியால் ஒத்தடமும் கொடுக்கச் சொன்னார்.

தாய்க்குக் குணமாகும்வரை குட்டிகள் என் பொறுப்பு. உடம்பு குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. எனவே முதலில் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அருகில் வைத்தேன். பிறகுதான் பால்: பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பவுடர், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, குப்புறப் படுக்கவைத்து. மல்லாத்திக் கொடுத்தால் புரையேறும். பசும்பால் என்றால் வயிற்றுப்போக்குதான்.

பெட்டியைத் திண்ணையிலிருந்து இருட்டறைக்கு மாற்றினேன். மீன் வாசனைக்கு வரும் கடுவன்களின் தொல்லையும், தெருப் பிள்ளைகளின் எட்டிப்பார்ப்பும் ஒழிந்தன. பயந்த தாய்க்கு அதுவும் ஒரு மருந்துதான்.

வீக்கம் வடிந்ததும் தானாகவே சாய்ந்து படுத்து மடி கொடுத்தது. நோஞ்சான் குட்டி ஒன்றை மட்டும் கடைசிவரை சேர்க்கவில்லை. அதை நானே வளர்த்தேன். இப்போது தாயையே விரட்டிவிட்டுத் தட்டைப் பிடுங்குகிறது.